அரசுத் தரப்பு வழக்கறிஞர் வேலை: தொழிலாளர் சட்டமும் சுற்றுச்சூழல் சட்டமும் – டெல்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெல்லியில் சட்டம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், தமிழ்நாட்டில் பதிவு செய்துவிட்டு இங்கே வரலாமா என்று யோசிக்கும் இளம் வழக்கறிஞர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. தொழிலாளர் சட்டத்தையும் சுற்றுச்சூழல் சட்டத்தையும் ஒரே பக்கத்தில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பாடத்திட்டத்தில் அவை தனித்தனித் தாள்கள். ஆலை வாசலில் இரண்டும் ஒரே பிரச்சினை. மூடு என்று ஆணை போட்ட அன்று மாலையே உள்ளே வேலை பார்த்தவரின் கூலியும் நின்றுவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த அரசு வழக்கறிஞர்கள் நமக்குத் தேவை.

"அரசு வக்கீல்னா கொலை, கொள்ளை கேஸ் நடத்துறவர்தானே? லேபருக்கும் பொல்யூஷனுக்கும் தனியா ஆள் இருக்காங்களா?"

குற்ற வழக்கு நடத்துபவர் பப்ளிக் பிராசிக்யூட்டர். அரசு வழக்கறிஞர்களில் அவர் ஒரு வகைதான். ரயில்வே, அஞ்சல், மாநகராட்சி, குடிநீர் வாரியம் என்று அரசே பெரிய முதலாளியாக இருக்கிறது. அந்த முதலாளி மீது ஊழியர்கள் வழக்குப் போடும்போது அரசுக்காக ஒருவர் நிற்க வேண்டும். அதேபோல் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் ஆலையை மூடச் சொன்னால், அந்த ஆணையைக் காக்க ஒருவர் வேண்டும். 'தொழிலாளர் வழக்குக்கான அரசு வழக்கறிஞர்' என்ற பலகையோடு யாருக்கும் அறை ஒதுக்கப்படுவதில்லை. எந்தத் துறையின் கேஸ் கட்டுகள் தொடர்ந்து வருகின்றனவோ, சில ஆண்டுகளில் அந்தத் துறையின் ஆளாக அறியப்படுவீர்கள்.

டெல்லியில் இதற்கு ஒரு வசதி உண்டு. மண்டி ஹவுஸ் பக்கம் கோப்பர்நிக்கஸ் மார்க்கில் அரசு ஊழியர் வழக்குகளைக் கேட்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வும் இருக்கின்றன. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அருகில்தான். தொழிலாளர் நீதிமன்றங்கள் ரவுஸ் அவென்யூ வளாகத்தில். ஒரே நாளில் மூன்று மன்றங்களில் ஆஜராக முடியும்.

"எந்தப் பரீட்சை எழுதணும்? யூ.பி.எஸ்.சி.யா?"

மூன்று வழிகள். முதலாவது பேனல். மத்திய அரசின் சட்ட விவகாரத் துறை ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் வழக்கறிஞர் பட்டியல் வைத்திருக்கிறது. டெல்லி அரசும், மாநகராட்சியும், பொதுத்துறை நிறுவனங்களும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. இதற்குப் பரீட்சை இல்லை. விண்ணப்பம், அனுபவம், நீங்கள் நடத்திய வழக்குகளின் விவரம், சில இடங்களில் நேர்காணல். அரசு மாறினால் பட்டியலும் மாறுவது வழக்கம். அரசு வழக்கறிஞர் நியமனம் தகுதி பார்த்து நேர்மையாக நடக்க வேண்டும் என்று பஞ்சாப் அரசு – பிரிஜேஷ்வர் சிங் சஹல் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம்.

இரண்டாவது நிரந்தரப் பணி: இந்தியச் சட்டப் பணி. அதற்கு யூ.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. பெரும்பாலும் அமைச்சகங்களுக்குச் சட்டக் கருத்து எழுதும் வேலை. நீதிமன்றத்தில் நின்று வாதாடுவது குறைவு. மூன்றாவது, பொதுத்துறை நிறுவனங்களிலும் மாசு வாரியங்களிலும் சட்ட அலுவலர் பதவி. என்.டி.பி.சி., பவர்கிரிட் போன்றவை கிளாட் முதுநிலைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுத்திருக்கின்றன. வாதாட ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் வழிதான் ஏற்றது.

"என் பொண்ணு சென்னையில பி.எல். முடிச்சு தமிழ்நாடு பார் கவுன்சில்ல பதிவு பண்ணிட்டா. டெல்லியில வாதாட விடுவாங்களா?"

விடுவார்கள். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவு 2011 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவு எந்த மாநிலத்தில் என்றாலும் நாடு முழுவதும் தொழில் செய்யலாம். அகில இந்தியப் பார் தேர்வில் தேறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் டெல்லி அரசு, டெல்லி உயர் நீதிமன்றப் பேனல்களில் இங்கே பதிவு செய்தவர்களுக்கே பெரும்பாலும் இடம் கிடைக்கிறது. நிலையாக இங்கே தங்கப்போகிறார் என்றால் 18ஆம் பிரிவின்படி பதிவை டெல்லிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. சீனியாரிட்டி குறையாது.

இன்னும் பதிவு செய்யாதவர்களுக்கு ஒரு தகவல். பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு முன் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று கட்டிய குடும்பங்கள் உண்டு. இப்போது கூடுதலாகக் கேட்டால் தீர்ப்பைக் காட்டுங்கள்.

"அண்ணா, எனக்கு இந்தி சுமார்தான். ஓட்ட முடியுமா?"

உச்ச நீதிமன்றத்திலும் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் ஆங்கிலம் போதும். இரண்டு தீர்ப்பாயங்களிலும் போதும். தொழிலாளர் நீதிமன்றத்தில் போதாது. அங்கே சாட்சி சொல்ல வரும் டிரைவரும் துப்புரவுப் பணியாளரும் இந்தியில் பேசுவார்கள். குறுக்கு விசாரணையை நீங்களும் இந்தியில்தான் செய்ய வேண்டும். பேசவும், கையெழுத்தில் இருக்கும் இந்திக் குறிப்பை வாசிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஆலை ஆய்வு அறிக்கைகளில் கள அலுவலரின் ஓரக் குறிப்பு பெரும்பாலும் இந்தியில் இருக்கும். வழக்கின் உயிர் சில சமயம் அந்த ஓரக் குறிப்பில்தான் இருக்கும்.

"மாசம் எவ்வளவு வரும்?"

பேனல் வழக்கறிஞருக்குச் சம்பளம் கிடையாது. சில நிலைகளில் சிறு மாதத் தொகை உண்டு. மற்றபடி ஒவ்வொரு வாய்தாவுக்கும் கட்டணம். வழக்கு உண்மையாகவே விசாரிக்கப்பட்ட நாளுக்கு ஒரு தொகை, வெறுமனே தள்ளிவைக்கப்பட்ட நாளுக்கு அதைவிட மிகக் குறைந்த தொகை, அதற்கும் உச்சவரம்பு. ஆகவே வருமானம், நீங்கள் எத்தனை கட்டு வைத்திருக்கிறீர்கள் என்பதைவிட எத்தனை வழக்கு நகர்கிறது என்பதைப் பொறுத்தது.

பில் தள்ளுபடி ஆவதற்கு வழக்கமான காரணங்கள்: அன்றைய நீதிமன்ற ஆணையின் நகலை இணைக்காதது, ஆணையில் உங்கள் பெயர் பதிவாகாதது, ஒரே மாதிரியான பல மனுக்களுக்குத் தனித்தனியாக முழுக் கட்டணம் கேட்டது. பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். முதல் ஓராண்டுக்கான வீட்டு வாடகையை வேறு வழியில் ஏற்பாடு செய்துகொண்டு இறங்குங்கள். வேறு தனியார் வழக்குகள் எடுக்கத் தடையில்லை. உங்களை நியமித்த அரசுக்கு எதிராக மட்டும் எடுக்கக் கூடாது.

"சம்பள வேலைக்குப் போயிட்டா வக்கீல் சன்னத்தை ஒப்படைச்சிடணுமாமே? அப்புறம் ஜட்ஜ் ஆக முடியாதா?"

பார் கவுன்சில் விதிகளின் 49ஆம் விதிப்படி முழுநேரச் சம்பளப் பணியில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. பணி தொடங்கியதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். ஆனால் நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடுவதே வேலையாக இருப்பவர் நிலை வேறு. சம்பளம் வாங்கும் பப்ளிக் பிராசிக்யூட்டர் வழக்கறிஞராகவே தொடர்கிறார் என்று தீபக் அகர்வால் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே சேரும் முன் பணி ஆணையைப் படித்துப் பாருங்கள். 'வாதாடுவது' என்ற சொல் அதில் இருக்கிறதா, 'சட்ட ஆலோசனை' மட்டும்தானா என்பது பிற்காலத்தில் உங்கள் தகுதியைத் தீர்மானிக்கும். சிவில் நீதிபதித் தேர்வுக்கும் இப்போது மூன்றாண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கியிருக்கிறது.

"லேபர் கோர்ட்ல வக்கீலே வரக் கூடாதுன்னு சொல்றாங்களே, அப்புறம் எங்கே வேலை?"

பாதி உண்மை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் 36ஆம் பிரிவில், சமரச அலுவலர் முன் வழக்கறிஞருக்கு இடமில்லை என்றது. தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் இருந்தால் வரலாம். பணபலம் உள்ள முதலாளி பெரிய வழக்கறிஞரை நிறுத்தி, தனியாக நிற்கும் தொழிலாளியை அமுக்கிவிடக் கூடாது என்பதே நோக்கம். அது நல்ல நோக்கம் என்றே நினைக்கிறோம். நடைமுறையில் தொழிற்சங்கமும் வழக்கறிஞர் வைப்பதால் சம்மதம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

சமரசப் பேச்சுக்கு நீங்கள் போக முடியாவிட்டாலும், அங்கே போகும் துறை அலுவலரைத் தயார் செய்வது உங்கள் வேலை. அங்கே அவர் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கப் பதில் பின்னால் உங்கள் கழுத்தைப் பிடிக்கும். 'இவர் எங்கள் ஊழியரே இல்லை' என்று சமரசத்தில் எழுதிவிட்டு, நீதிமன்றத்தில் 'ஒழுங்கீனத்துக்காக நீக்கினோம்' என்று வாதாடினால் வழக்கு அன்றே முடிந்தது.

"அப்பா சென்ட்ரல் கவர்ன்மென்ட்ல இருக்கார். பிரச்சினைன்னா எங்கே போகணும், கேட்டா, லேபர் கோர்ட்டா, ஹைகோர்ட்டா?"

மத்திய அரசின் சிவில் பணி, டெல்லி அரசுப் பணி, டெல்லி மாநகராட்சி ஆசிரியர் போன்றோருக்கு முதல் இடம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். எல்லோரும் கேட் என்றே சொல்வார்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. மனுக் கட்டணம் 50 ரூபாய். முதலில் துறைக்குள் மேல்முறையீடு அல்லது முறையீடு செய்திருக்க வேண்டும். இறுதி ஆணை வந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து, அதன் பின் ஓராண்டுக்குள். திரும்பத் திரும்ப மனு அனுப்பிக்கொண்டிருந்தால் கெடு நீளும் என்று பலர் நம்புகிறார்கள். நீளாது. கேட் தீர்ப்பின் மீது உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்சுக்குப் போகலாம் என்பது 1997இல் எல். சந்திரகுமார் வழக்கில் முடிவானது.

'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் அரசுப் பிரிவில் 'தொழிலாளி'யாக இருப்பவருக்குத் தொழிலாளர் நீதிமன்றமும் திறந்திருக்கிறது. எது 'தொழில்' என்பதற்கு 1978ஆம் ஆண்டு பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் பரந்த விளக்கம் தந்தார்கள். அரசின் இறையாண்மைப் பணிகள் மட்டுமே வெளியே. இந்த எல்லைச் சண்டை இன்னும் ஓயவில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுப்பும் முதல் ஆட்சேபம் பெரும்பாலும் 'இது இந்த மன்றத்தின் வழக்கே இல்லை' என்பதுதான். உண்மையிலேயே பொருந்தும்போது மட்டும் அதை எழுப்புங்கள். பத்தாண்டு அலைந்த ஒரு தோட்டத் தொழிலாளியை மன்றம் மாற்றிப் போ என்று அனுப்புவது வெற்றியாகாது.

"அரசு ஊழியர் ஸ்டிரைக் பண்ணினா வேலை போயிடுமா?"

தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த லட்சக்கணக்கான அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே அடியாக நீக்கப்பட்டதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதை எதிர்த்துப் போடப்பட்ட டி.கே. ரங்கராஜன் வழக்கில்தான், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை அடிப்படை உரிமையாகவோ சட்ட உரிமையாகவோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே வழக்கில் பெரும்பாலானோர் மீண்டும் பணிக்குச் சேர்க்கவும் பட்டார்கள். மத்திய அரசு ஊழியரின் நடத்தை விதி 7 வேலைநிறுத்தத்தைத் தடுக்கிறது.

அதற்கு மாற்றாக 1966 முதல், அரசும் ஊழியர் தரப்பும் உட்கார்ந்து பேசும் கூட்டு ஆலோசனை அமைப்பு இருக்கிறது. அதில் உடன்பாடு வராவிட்டால் ஊதியமும் படிகளும், வார வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்றும் கட்டாய நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். பொது வேலை உறவில் அரசு வழக்கறிஞர் கட்டாயம் படிக்க வேண்டிய, ஆனால் கல்லூரியில் யாரும் நடத்தாத பகுதி இது.

"ஒரு டிஸ்மிஸல் கேஸ் கட்டு கைக்கு வந்தா முதல்ல எதைப் பார்க்கணும்?"

சட்டப் புத்தகத்தைத் திறக்கும் முன் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். சஸ்பெண்ட் செய்த நாள், குற்றச்சாட்டு மெமோ கொடுத்த நாள், விசாரணை அறிக்கை, தண்டனை ஆணை. மத்திய அரசு ஊழியரின் சஸ்பென்ஷனை 90 நாளுக்குள் மறு ஆய்வு செய்யாவிட்டால் அது தானாகக் காலாவதியாகிவிடும். மெமோவுக்கு உரிய அதிகாரியின் ஒப்புதல் கோப்பில் இருக்கிறதா? விசாரணை தொடங்க ஒப்புதல் இருந்து, மெமோவின் வாசகத்துக்கு ஒப்புதல் இல்லாத கோப்புகள் ஏராளம். அப்படிப்பட்ட மெமோ சட்டத்தின் கண்ணில் இல்லாததற்குச் சமம் என்று பி.வி. கோபிநாத் வழக்கு (2013) சொல்கிறது. விசாரணை அறிக்கையின் நகல் ஊழியருக்குத் தரப்பட்டு, பதில் சொல்ல நேரம் கொடுக்கப்பட்டதா? இது 1993ஆம் ஆண்டு ஈ.சி.ஐ.எல். – கருணாகர் தீர்ப்பின் நிபந்தனை.

தொழிலாளர் நீதிமன்றப் பக்கம் வேறு பொறிகள். ஏற்கெனவே ஒரு தகராறு நிலுவையில் இருக்கும்போது, அதில் சம்பந்தப்பட்ட தொழிலாளியை நீக்கினால் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33(2)(பி) பிரிவில் ஒப்புதல் கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் நீக்கமே செல்லாது. தினக்கூலி வழக்கு என்றால் 240 நாள் கணக்கு. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவரை நிறுத்த ஒரு மாத நோட்டீஸும், பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு முதலில் தொழிலாளியுடையது. ஆனால் அவர் மஸ்டர் ரோலை (தினக்கூலிகளின் வருகைப் பதிவேடு) கொண்டுவரச் சொல்லி மனுப் போட்டும் துறை அதை மறைத்தால் ஊகம் துறைக்கு எதிராகத் திரும்பும். 'கோப்பு கிடைக்கவில்லை' என்று அலுவலர் சொன்னால் அதோடு விடாதீர்கள். எந்த அறை, யார் பொறுப்பு, எப்போது கடைசியாகப் பார்த்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தம் என்ற பெயரில் பத்து, இருபது ஆண்டு வேலை வாங்கியவர்களின் வழக்குகளில் தற்காலிக ஊழியர் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்ற 2006ஆம் ஆண்டு உமாதேவி தீர்ப்பை மட்டும் நீட்டுவது இனி எடுபடாது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையை ஆண்டுக்கணக்கில் வாங்கிவிட்டு அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது வர வேண்டிய தீர்ப்பு.

"புது லேபர் கோடு வந்துடுச்சே, பழசைப் படிக்கணுமா?"

இரண்டையும் படிக்க வேண்டும். 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலான நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. முன்பே தொடங்கிய வழக்குகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். மேலே சொன்ன 33(2)(பி) போன்றவை அவற்றில் உயிரோடு இருக்கும். புதிதில் முக்கியமான மாற்றங்கள்: எல்லா நிறுவனங்களிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு, பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒன்றாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம், ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் முன் அனுமதி வேண்டிய எல்லை 100 பேரிலிருந்து 300 ஆனது, நீக்கப்பட்ட தனித் தொழிலாளி வழக்குப் போடும் கெடு மூன்றிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்தது. கடைசி மாற்றத்தைத் தொழிலாளர்களிடம் சொல்லிவையுங்கள். அதனால் உரிமை இழக்கப்போகிறவர்கள் நிறைய.

"பசுமைத் தீர்ப்பாயத்துல யார் வேணா போகலாமா? டைம் லிமிட் உண்டா?"

பாதிக்கப்பட்டவர் எவரும் போகலாம், வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். தீர்ப்பாயம் தானாகவே ஒரு செய்தியைப் பார்த்து வழக்கெடுக்கவும் முடியும். 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கெடுக்கள் கண்டிப்பானவை. சுற்றுச்சூழல் தகராறு என்றால் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். இழப்பீடும் சீரமைப்பும் கேட்டால் ஐந்து ஆண்டு. சுற்றுச்சூழல் அனுமதி போன்ற ஆணையை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மூன்றிலும் கூடுதலாக 60 நாள். அறுபத்தொன்றாம் நாள் யாராலும் காப்பாற்ற முடியாது. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றம் போகலாம்.

"பொல்யூஷன் போர்டு போடுற கேஸெல்லாம் ஏன் தோத்துப் போகுது?"

மாதிரி எடுத்த விதத்தில். கழிவுநீர் மாதிரிக்கு 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஒரு முறையை வகுத்திருக்கிறது. பகுப்பாய்வுக்கு அனுப்பப்போகிறோம் என்று அப்போதே அங்கேயே ஆலைப் பொறுப்பாளருக்கு நோட்டீஸ். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்தல். இரண்டு கலன்களுக்கும் முத்திரை, இருவர் கையெழுத்து. இதில் ஒன்று தவறினாலும் அறிக்கை சாட்சியமாகாது. டெல்லி உயர் நீதிமன்றம் 1986இல் டெல்லி பாட்டிலிங் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆலை உண்மையிலேயே யமுனையைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். முத்திரை இல்லாத ஒரு பாட்டிலால் அது தப்பிவிடும்.

ஆய்வக விவரங்களையும் வழக்கறிஞர் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆற்றில் விடும் கழிவுநீருக்குப் பொது வரம்பு பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, மிதக்கும் திடப்பொருள் 100, பி.எச். (அமில-காரத் தன்மை) 5.5 முதல் 9 வரை. பி.ஓ.டி. சோதனை 27 டிகிரியில் மூன்று நாள் நடக்கிறது. மாதிரி குளிர்ச்சியில் வைக்கப்படாமல் வெயிலில் ஜீப்பில் அலைந்தால் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும், எண் மாறிவிடும். எதிர்த் தரப்பு அதைக் கேட்கும். மாதிரி எடுத்த நேரம், ஆய்வகத்தில் ஒப்படைத்த நேரம், சோதனை தொடங்கிய நேரம் ஆகிய மூன்றையும் வழக்குப் போடும் முன் சரிபாருங்கள்.

இரண்டாவது காரணம் அவசரம். மூடல் ஆணைக்கு முன் ஆட்சேபம் சொல்ல ஆலைக்குப் பொதுவாக 15 நாள் தர வேண்டும். அவசர நிலை என்று அதைத் தவிர்த்தால் காரணத்தை ஆணையிலேயே எழுத வேண்டும். பின்னால் பிரமாணப் பத்திரத்தில் சேர்க்கும் காரணம் செல்லாது.

"இப்ப ஜெயில் இல்லையாமே, ஃபைன் மட்டும்தானா?"

பெருமளவு அப்படித்தான். காற்றுச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், நீர்ச் சட்டம் ஆகியவற்றின் பல மீறல்களுக்கு 2024 முதல் சிறைக்குப் பதில் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம்; விதிப்பவர் தீர்ப்பளிக்கும் அலுவலர். இத்தகைய மீறல்களில் அபராதத்தைக் கட்டாமல் இருந்தால்தான் சிறை. அபராதம் வேறு, கெடுத்ததைச் சரிசெய்யும் செலவு வேறு. டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு – லோதி பிராபர்ட்டி வழக்கில் 2025 ஆகஸ்ட் 4 அன்று, சீரமைப்புக்கான இழப்பீட்டை வாரியங்களே விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்குரிய விதிகளை வகுத்து, எதிர்த் தரப்பைக் கேட்டபின் மட்டும். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு நாட்டில் வலுவான அடித்தளம் போட்டதே 1996ஆம் ஆண்டு வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்குதான்.

"ஆலையை மூடச் சொல்றீங்க. உள்ளே வேலை பார்க்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தைத் தொகுத்தோம் என்று சொல்லலாம். டெல்லியில் 168 அபாயகரமான ஆலைகளை 1996 நவம்பர் 30க்குள் மூடவோ இடம் மாற்றவோ வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூலையில் ஆணையிட்டபோது, தொழிலாளர் பகுதியையும் அதே ஆணையில் எழுதியது. இடம் மாறும் ஆலையில் பணித் தொடர்ச்சி, இடமாற்றத் தொகையாக ஓராண்டு ஊதியம். வேலை இழந்தவருக்கு இழப்பீடு, அது பின்னர் டிசம்பரில் ஆறு ஆண்டு ஊதியமாக உயர்த்தப்பட்டது. ஆணை நல்ல ஆணை. ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி இத்தகைய ஆணைகளின் கைக்கு எட்டுவதில்லை. அரசு வழக்கறிஞர் செய்ய வேண்டியது இங்கே தெளிவு: மூடல் ஆணை கோரும்போதே தொழிலாளர் துறையிடம் ஆலையின் ஆள் பட்டியலைக் கேட்டு, ஒப்பந்தக்காரரின் பட்டியலோடு சேர்த்து மன்றத்தில் தாக்கல் செய்வது.

இன்றைய உதாரணம் குளிர்காலக் கட்டுமானத் தடை. காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டினால் கிராப் திட்டத்தின் (காற்று மாசு கூடக் கூடப் படிப்படியாகக் கட்டுப்பாடு விதிக்கும் டெல்லி வட்டாரத் திட்டம்) மூன்றாம் கட்டம், 450ஐத் தாண்டினால் நான்காம் கட்டம். கட்டுமான வேலை நிறுத்தப்படுகிறது. கட்டுமானச் செலவில் வசூலிக்கும் ஒரு சதவீத செஸ் (தனி வரி) தொழிலாளர் நல நிதியில் கிடக்கிறது. அதிலிருந்து வாழ்வுத் தொகை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 இறுதியில் வற்புறுத்தி, டெல்லியில் ஆளுக்கு 8,000 ரூபாய் கொடுக்க வைத்தது. ஒவ்வொரு முறையும் தனி ஆணைக்குக் காத்திருக்காமல் கொடுக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் சொன்னது. சிக்கல் பதிவில். நல வாரியத்தில் பதிவு செய்தவருக்கே பணம் போகிறது. விழுப்புரத்திலிருந்தோ சேலத்திலிருந்தோ மேஸ்திரியோடு வந்து கட்டடத்திலேயே தங்கி வேலை செய்பவரிடம் பதிவும் இருக்காது, பதிவைப் புதுப்பித்த சீட்டும் இருக்காது. தெரிந்தவர்கள் இருந்தால் கோடையிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். ஓராண்டில் 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும். வயது 18 முதல் 60.

"சாக்கடையில இறங்கிச் செத்துப் போறாங்களே, அது லேபர் கேஸா, சுற்றுச்சூழல் கேஸா?"

இரண்டும், அதற்கு மேல் மனித மாண்பு பற்றிய வழக்கு. கையால் மலம் அள்ளும் பணியைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழியில் இறக்குவதைக் குற்றமாக்கியது. பல்ராம் சிங் வழக்கில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இறக்கியவர் ஒப்பந்தக்காரர் என்ற வாதத்தை அரசுத் தரப்பில் எழுத வேண்டாம். பணத்தை முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலிக்கத் துறைக்கு ஆலோசனை கூறுங்கள். சட்டமும் அங்கேதான் நிற்கிறது.

"அரசு தப்பு பண்ணியிருக்குன்னு கட்டைப் படிச்சதுமே தெரிஞ்சா?"

எழுத்தில் கருத்துக் கொடுங்கள்: இந்த வழக்கில் தோற்போம், காரணம் இது, இப்போது தீர்த்தால் இவ்வளவு செலவு, மூன்றாண்டு கழித்து வட்டியோடு இவ்வளவு. தொழிலாளர் வழக்கில் இந்தக் கணக்கு கூர்மையானது. மீண்டும் பணியமர்த்தும் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனால், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17பி பிரிவில் கடைசியாக வாங்கிய முழு ஊதியத்தை வழக்கு முடியும்வரை கொடுக்க வேண்டும்.

மன்றத்திடம் ஆவணத்தை மறைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பேனல் போனாலும் போகட்டும். காலதாமதத்துக்குக் 'கோப்பு மேசை மேசையாகப் போனது' என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். அரசு இயந்திரம் மெதுவானது என்ற காரணத்தைத் தானாக ஏற்க முடியாது என்று 2012இல் லிவிங் மீடியா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"ஜங்புரா மதராசி கேம்ப்பை இடிச்சப்போ அரசு வக்கீலுங்க நம்ம ஜனங்களுக்கு எதிராத்தானே நின்னாங்க? அந்த வேலைக்கா பிள்ளைகளை அனுப்பச் சொல்றீங்க?"

வலியோடு கேட்கப்படும் கேள்வி. பாராபுல்லா வாய்க்கால் அடைத்து வெள்ளம் வருகிறது என்ற வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட, வாய்க்கால் கரையில் தமிழர்கள் வாழ்ந்த அந்தக் குடிசைக் குடியிருப்பு 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. 370 வீடுகளில் 189 மட்டுமே மறுவாழ்வுக்குத் தகுதி பெற்றன. கிடைத்த இடம் நரேலா, 30 கிலோமீட்டருக்கும் அப்பால். ஜங்புராவிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டு வேலை செய்த பெண்களுக்கு அந்தத் தூரம் வேலையையே பறித்தது.

வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்பது உண்மைத் தேவை. தகுதிப் பட்டியல் எப்படித் தயாரானது என்பதும் அதே அளவு சட்டக் கேள்வி. டெல்லியின் 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கைப்படி குடியிருப்பு 2006க்கு முன்பும், அந்த வீடு 2015 ஜனவரி 1க்கு முன்பும் இருந்திருக்க வேண்டும். அதற்கு வாக்காளர் பட்டியல் போன்ற ஆவணம் வேண்டும். பெயர் எழுத்துப்பிழையால் விடுபட்டவர், மாடி வீடு என்று கணக்கில் வராதவர் போன்றோரின் நிலையை மன்றத்தின் முன் வைப்பது அரசு வழக்கறிஞரின் கடமைக்குள் வருகிறது. அந்த நாற்காலியில் தமிழ் பேசும், ஆவணத்தில் 'முருகேசன்' எப்படியெல்லாம் எழுதப்படும் என்று தெரிந்த ஒருவர் இருந்தால் பட்டியல் வேறாக இருந்திருக்கலாம் என்று நம்புகிறோம். ஆம், அந்த வேலைக்குத்தான் பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறோம்.

"அரசுப் பேனலை விட்டுட்டு கம்பெனி பக்கம் போனா தப்பா?"

தப்பில்லை. ஆனால் நீங்கள் ஆலோசனை சொன்ன, மனு தயாரித்த, ஆஜரான அதே வழக்கில் எதிர்த் தரப்புக்குப் போக முடியாது. பார் கவுன்சில் விதி 33 அதைத் தடுக்கிறது. ஓர் ஆலையின் மூடல் ஆணைக்கு நீங்கள் கருத்து எழுதியிருந்தால், அதே ஆலையின் தொழிலாளர் வழக்கும் உங்களுக்கு ஆகாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்; கோப்பின் உள்ளடக்கம் உங்களுக்குத் தெரியும். பேனலை விடும் நாளில் கட்டுகளை எண்ணிட்டுத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வாய்தா தேதியோடு ஒப்புகை வாங்கிவையுங்கள். வழக்கு ஆஜரின்றித் தள்ளுபடியானால் கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும்.